வாய்க்காலின் மறுமுனை

திருவரங்குளத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் கிடக்கிறது. ஓடுகிறது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆண்டில் முப்பது நாற்பது நாள்களுக்கு மேல் அந்தச் சொல் அதற்குப் பொருந்தாது. ஐப்பசி பிறந்து, மேட்டுக்காட்டில் ஓர் இரவு நல்ல மழை பெய்துவிட்டால், மறுநாள் காலையில் செம்மண் கரைந்த நீர் வாசலுக்கு எதிரே சலசலத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பழைய நோட்டுத் தாளைக் கிழித்துக் கப்பல் செய்துவிடுவார்கள். தவளைகள் அதுவரை எங்கே இருந்தனவோ, அன்றிரவே வந்துவிடும். மார்கழி முடிவதற்குள் நீர் வற்றிவிடும். அதன்பின் அடுத்த ஐப்பசி வரை அது வெறும் பள்ளம்.

ஊரார் இதை வாய்க்கால் என்று சொல்வது குறைவு. வாரி என்பார்கள், வரத்துவாரி என்பார்கள். புதுக்கோட்டைச் சீமையில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாறும் மழையை நம்பிய ஆறுதான். ஆகவே இம்மண்ணில் வாழ்ந்தோர் குளம் வெட்டினார்கள்; கண்மாய்க்குக் கரை எடுத்தார்கள். இன்றைய மாவட்ட எல்லைக்குள் மட்டும் அவை ஐயாயிரத்துக்கும் மேல். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. குளத்தையும் கண்மாயையும் எல்லோரும் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், தூர் வாரவில்லையே என்று வருந்துகிறோம். நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வாரியை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதற்கு அழகில்லை. அதன் கரையில் கோயில் இல்லை. ஒன்பது மாதம் வறண்டு கிடப்பதால் அது வாய்க்கால் என்பதே மறந்துபோகிறது.

வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்போரின் தொல்லைகளை எழுதப் புகுந்தால் இவ்விதழின் பக்கங்கள் போதா. கொசு உண்டு, மழைக்காலத்தில் பாம்பும் உண்டு. நள்ளிரவில் திரும்பும் விருந்தினர் தடுமாறி விழுவதுண்டு. திருமண வீட்டார் எச்சில் இலைகளைக் கூசாமல் கொட்டிவிட்டுப் போவார்கள். இளநீர்க் கூடு, நெகிழிப் பை, உடைந்த செருப்பு, காலாவதியான மருந்துக் குப்பி என்று ஒரு தெருவின் வரலாற்றையே அந்தப் பள்ளத்தில் படித்துவிடலாம். மழைக்கு முன் அவரவர் வாசலுக்கு நேரே கிடக்கும் குப்பையைத் தூய்மை செய்வது எங்கள் தெருவில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் எப்படித் தூய்மை செய்கிறோம்? மண்வெட்டியால் வாரி எடுத்து அப்புறப்படுத்துவோர் சிலர். பெரும்பாலோர் அடுத்த வீட்டு எல்லை வரை தள்ளிவிட்டுக் கை கழுவிக்கொள்கிறோம். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தோம். அவர் அதற்கடுத்த வீட்டுக்குத் தள்ளுவார். தெரு முடிகிற இடத்தில் ஒருவரும் குடியிருக்கவில்லை என்பதால் அங்கே அது நின்றுவிடும். மனச்சான்றுக்கும் ஓர் எல்லைக்கல் உண்டு போலும்; வீட்டு மனையின் எல்லைக்கல்லும் அதுவும் ஒரே இடத்தில் நடப்பட்டிருக்கின்றன.

இதையெல்லாம் எங்களைச் சிந்திக்க வைத்தது குப்பை அன்று, ஒரு குழாய்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. பழைய கார்தான். அதுவரை வாய்க்காலைத் தாண்ட இரண்டு பலகைக் கற்கள் போதுமானவையாக இருந்தன. கார் ஏறக் கற்கள் போதா. கொத்தனாரை அழைத்தோம். அவர் பள்ளத்தில் இறங்கி அளந்து பார்த்துவிட்டு, இரண்டடிச் சிமெண்டுக் குழாய் போட்டு மேலே மண் நிரப்பலாம் என்றார். ஓரடிக் குழாய் என்றால் செலவு குறையுமே என்று நாங்கள் கேட்டோம். குறையும் என்றார். வறண்டு கிடந்த பள்ளத்தைப் பார்த்தோம். இதற்கு ஓரடி போதும் என்று நாங்களே தீர்ப்பெழுதினோம். கொத்தனார் மறுத்துப் பேசவில்லை. கூலிக்கு வந்தவர், அவருக்கு மறுநாள் வேறு வீட்டில் வேலை.

அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. நீர் வந்தது, எங்கள் குழாயின் வாயில் முட்டியது, குப்பை அடைத்துக்கொண்டது. மண்ணைக் கரைத்துக்கொண்டு தெருவில் ஏறி, தெருவோடு ஓடி, தாழ்வாகக் கிடந்த ஒரு தரிசில் பரவி நின்றது. எங்கள் வீட்டுத் தரைமட்டம் உயரம். வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். உண்மையைச் சொன்னால், வாசலில் முன்போல் நீர் தேங்கவில்லையே என்று சிறிது மகிழ்ச்சியும்கூட.

தை மாதத்தில் ஒரு காலை வேளை. முதியவர் ஒருவர் வந்து எங்கள் வாசலில் குனிந்து, குழாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்மாய்க்குக் கீழே அரை ஏக்கர் வைத்திருப்பவர் என்பது பிறகு தெரிந்தது. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். நிமிர்ந்து துண்டை உதறினார்.

“இந்தக் குழாய்க்குள்ள என் தலை போகுமான்னு பாத்தேன்யா. போகல. தலை போகாத எடத்துல கம்மாத் தண்ணி எப்புடிய்யா போகும்?”

எங்களுக்குச் சுருக்கென்றது. கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை, நடவு நட்டவர்கள் கதிர் வரும் பருவத்தில் கைவிட்டார்கள் என்று அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் விடை சொல்வது எளிதாக இருந்திருக்கும். எங்கள் ஒரு குழாயினாலா ஐயா இவ்வளவும் என்று கேட்டோம்.

“அது எப்புடிய்யா? உங்களோடது சேத்துப் பதினேழு கெடக்கு. காலையில இருந்து ஒவ்வொரு வீடாத்தான் கேட்டுக்கிட்டு வாரேன். எல்லாருமே இதையேதான்யா கேக்குறாக.”

அவர் போய்விட்டார். கேள்வி போகவில்லை.

தீமை என்றால் என்ன என்று சிறு வயதில் கற்றபோது நம்மிடம் சொல்லப்பட்ட எடுத்துக்காட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒருவன் அடித்தான், ஒருவன் அழுதான். ஒருவன் திருடினான், ஒருவன் இழந்தான். செய்தவனும் பட்டவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். எரிகோவுக்குப் போகும் சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் காணாமல் விலகிப் போனார்களே, அவர்கள்கூட அவனைக் கண்டார்கள். கண்டதனால்தான் அவர்கள் விலகியது குற்றமாயிற்று. வாய்க்கால் ஓரத்தில் நடப்பது அப்படிப்பட்டதன்று. இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. அடிபட்டவர் நம் கண்முன் கிடக்கவும் இல்லை. நம் செயலின் விளைவை நீரே சுமந்துகொண்டு, வளைந்து திரும்பி, நமக்குத் தெரியாத ஒரு வயலின் வரப்பில் இறக்கி வைத்துவிடுகிறது. சில வேளைகளில் நீர் வராமல் போவதே விளைவு. வராத நீரை யார் பார்க்க முடியும்? அந்த முதியவர் குனிந்து பார்த்திராவிட்டால், எங்கள் வாழ்நாள் முழுவதும் நாங்கள் யாருக்கும் தீங்கு செய்யாதவர்களாகவே இருந்திருப்போம்.

பதினேழில் ஒரு பங்கு என்ற கணக்கு எங்களை விடவில்லை. பதினேழு பேர் சேர்ந்து ஒரு கெடுதலைச் செய்தால் ஒவ்வொருவர் மீதும் பதினேழில் ஒரு பங்குப் பழிதானே? அதைத் தாங்கிக்கொள்ளலாமே? இந்தக் கணக்கு எங்கும் பொருந்தக்கூடும், வாய்க்காலில் பொருந்தாது. அன்பர்கள் இதைச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். பொது நிதிக்குப் பதினேழு பேர் பணம் கட்டுகிறார்கள், ஒருவர் கட்டவில்லை என்றால், பதினாறு பங்கு சேர்ந்துவிடும். வாய்க்கால் அத்தகைய நிதி அன்று. அது ஒரு தொண்டை. பதினாறு இடங்களில் இரண்டடி அகலம் இருந்தாலும், பதினேழாவது இடத்தில் ஓரடி என்றால், கடைசியில் போய்ச் சேர்வது ஓரடியின் நீர்தான். ஆக, கெடுக்கும் ஆற்றல் ஒவ்வொருவரிடமும் முழுமையாக இருக்கிறது. திருத்தும் ஆற்றலோ யாரிடமும் முழுமையாக இல்லை. நாங்கள் மட்டும் குழாயைப் பிடுங்கினால் கண்மாய்க்கு ஒரு குடம்கூடக் கூடுதலாகப் போகாது. பிடுங்காவிட்டால், மற்றப் பதினாறு பேரும் ஒரே நாளில் மனம் மாறினாலும் பயனில்லை.

அப்படியானால் பயன் தராத ஒரு நற்செயலைச் செய்யக் கடமை உண்டா? பல மாலைகள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பேசினோம். வீட்டில் ஒருவர் உண்டு என்றார். ஒருவர் பணத்தைக் கேட்டார். பேச்சு நீண்டதே தவிர மண்வெட்டி வெளியே வரவில்லை. சிந்தனைக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர்களல்லர். புதுக்கோட்டைப் பகுதிக் கண்மாய்கள் தனித்தனியானவை அல்ல. ஒன்று நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்நீர் அடுத்ததற்குப் போகும். அது வழிந்தால் அதற்கடுத்ததற்கு. கலிங்கின் உயரம் ஒரு சாண் கூடினால் மேலே உள்ளவன் வயல் மூழ்கும், கீழே உள்ளவன் கண்மாய் காயும். ஆகவேதான் மணல் மூட்டை அடுக்கிக் கலிங்கை உயர்த்தியவர்களுக்கும் அதை இரவோடிரவாகத் தள்ளியவர்களுக்கும் இடையே இத்தனை சண்டைகள். நீரின் பொறுப்பைத் தனி மனிதனின் நல்ல மனத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று அன்றே தெரிந்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்ற குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடியும் நிற்கும் தகுதி இல்லை என்றும் சொல்கின்றன.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. குடிமராமத்து என்ற சொல்லைக் கேட்டதும் உருகிப் போகிற அன்பர்கள் நம்மிடையே பலர். 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே தூர்வாரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது பழைய பொற்காலம் திரும்பியதாக எழுதினார்கள். ஊரெல்லாம் கூடி வாய்க்கால் வெட்டியது உண்மை. மண் சுமந்தவர் யார், கரையில் நின்று மேற்பார்த்தவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். சேற்றில் இறங்கி மடை திறந்தவருக்குப் பெரும்பாலும் அந்தக் கண்மாய்க்குக் கீழே ஒரு குழி நிலமும் இருந்ததில்லை. வாய்க்காலின் மறுமுனையைப் பற்றிப் பேசும்போது, அந்த முனைக்கும் அப்பால் நிலமே இல்லாமல் நின்றவரையும் நினைக்கத்தான் வேண்டும். பழமையைப் போற்றுவோம், கண்ணைத் திறந்துகொண்டு போற்றுவோம்.

இப்படி எங்கள் குழாயைப் பற்றிய குற்ற உணர்வோடு இருந்த நாள்களில்தான் இன்னொரு செய்தி தெருவில் பரவியது. வாய்க்காலின் இருபுறமும் அடியிலும் சிமெண்டு பூசிவிட்டால் கொசுவும் ஒழியும், நீரும் தடையின்றி ஓடும். அதற்கு மனுக் கொடுக்கப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று சிலர் வந்தார்கள். நல்லதுதானே என்று பேனாவை எடுத்தோம். அப்போது வீட்டின் மூத்தவர், கொல்லைக் கிணற்றை நினைத்துப் பார்த்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கள் கொல்லையில் பழைய உறைகிணறு ஒன்று இருக்கிறது. வாய்க்காலில் நீர் ஓடினால் பத்து நாளில் கிணற்றில் ஊறும். அந்த ஊற்றில்தான் சித்திரை வரை எங்கள் வீட்டுப் பாத்திரமும் துணியும் கழுவப்படுகின்றன. வாய்க்காலின் அடியில் சிமெண்டு பூசினால் ஊற்று நின்றுவிடும். பேனாவை மூடினோம். கண்மாய்க்குப் போக வேண்டிய நீரில் ஒரு பங்கை யாரையும் கேளாமல் இத்தனை ஆண்டுகள் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் என்பது அன்றுதான் எங்களுக்கே உறைத்தது.

இது எங்கள் தெருவின் சிக்கல் மட்டுமன்று. எங்கள் உறவினர் சிலர் பேராவூரணிப் பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறார்கள். மக்கள் அதை இன்றும் புது ஆறு என்றே சொல்கிறார்கள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1930-களில் உருவான அந்தக் கால்வாய், கல்லணையில் தொடங்கிச் சுமார் 148 கிலோமீட்டர் வந்து, எங்கள் மாவட்டத்து மும்பாலையில் முடிகிறது. மேட்டூரில் நீர் திறந்த செய்தியை நாளிதழில் படித்த பிறகு, கடைமடைக்காரர் வாரக்கணக்கில் காத்திருக்கும் ஆண்டுகள் உண்டு. 2021 பிப்ரவரியில் அந்தக் கால்வாயை 2,640 கோடி ரூபாய் மதிப்பில் புதுப்பிக்கும் பணிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடைமடையில் மகிழ்ந்தார்கள். மேலே தஞ்சை வட்டாரத்தில், அடியில் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் என்னாவது என்று போராடினார்கள்.

ஈரோட்டுப் பக்கம் இது இன்னும் கூர்மையாக வெடித்தது. 1950-களில் வெட்டப்பட்ட கீழ்பவானிக் கால்வாய் சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள மண் கால்வாய். அதன் ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். அதற்குக் கான்கிரீட் சுவர் எழுப்பும் திட்டம் வந்தபோது உழவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வழியெல்லாம் கசிந்தால் கடைசியில் இருக்கும் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு தரப்பு கேட்டது. எழுபது ஆண்டுகளாக அந்தக் கசிவை நம்பிக் கிணறு வெட்டியவர்கள் நாங்கள், எங்கள் தென்னைக்கும் குடிநீருக்கும் என்ன வழி என்று மற்றத் தரப்பு கேட்டது. உண்ணாவிரதம், கடையடைப்பு, உயர் நீதிமன்ற வழக்கு என்று அது 2023 வரை நீண்டது. இரு தரப்பிலும் இருந்தவர்கள் எளிய உழவர்களே. இங்கே வில்லன் இல்லை. அதுதான் இதைக் கடினமான கேள்வியாக்குகிறது.

பொறியாளரின் கணக்கேட்டில் கசிவு நீருக்கு இழப்பு என்று பெயர். அந்த இழப்பு ஒருவருடைய கிணறு. அவருக்கு மடை இல்லை. ஆயக்கட்டுப் பதிவேட்டில் பெயர் இல்லை. நீர்வரி ரசீது இல்லை. கடைமடைக்காரருக்குப் பெயர் இருக்கிறது, பதிவு இருக்கிறது, நீர் இல்லை. ஒருவரிடம் உரிமையில்லாத நீர், மற்றவரிடம் நீரில்லாத உரிமை. யார் பக்கம் நிற்பது?

எங்கள் எண்ணத்தைக் கேட்டால், பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குக் கொடுத்த வாக்கு முதலில் காக்கப்பட வேண்டும் என்போம். அவரை நம்ப வைத்து நிலம் திருத்தச் சொன்னது அரசு. அந்த வாக்கைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிப்போட முடியாது. ஆனால் கசிவில் வாழ்ந்தவரை இழப்பு என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டுச் சிமெண்டைக் கொட்டுவதும் நியாயமன்று. அவர் திருடவில்லை. அவர் வீட்டருகே நிலம் ஈரமாக இருந்தது, அவர் தோண்டினார். முதலில் அந்தக் கிணறுகளை எண்ணட்டும். அவர்களுக்கு வேறு வழி செய்துவிட்டுப் பிறகு சுவர் எழுப்பட்டும். எங்கள் கொல்லைக் கிணறு இந்தக் கருத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அன்பர்கள் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

சேமிப்பு என்ற சொல்கூட நாம் நினைப்பதுபோல் கள்ளமற்றது அன்று. 2003-இல் கட்டடம்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாமெல்லாம் வரவேற்றோம்; விழுந்த இடத்திலேயே மழையை நிறுத்துவது நல்லது என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். எங்கள் மாவட்டத்தில் வனத்தில் வளர்க்கும் தைல மரக் காடுகளிலும் மழையை அப்படித்தான் வரப்பெடுத்து நிறுத்துகிறார்கள். அந்த வரப்புகளால் காட்டிலிருந்து வாரிகளுக்கு இறங்கும் நீர் தடைப்பட்டு, கீழே கண்மாய்கள் வறள்கின்றன என்று உழவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். செயல் ஒன்றுதான். வீட்டில் செய்தால் சிக்கனம். காட்டில் செய்தால் கண்மாய்க்குக் கேடு. ஒரு செயலின் நன்மை தீமையை அச்செயலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது போலும். அதற்குக் கீழே யார் இருக்கிறார் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய கால்வாய் வந்துவிட்டால் இந்தக் கவலையெல்லாம் தீரும் என்பாரும் உண்டு. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21-ஆம் நாள் விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் நீளத் திட்டம். வரட்டும். வந்தாலும் அந்த நீர் ஊர்க் கண்மாய்களுக்குப் போக வேண்டியது இதே வாரிகளின் வழியாகத்தான். ஓரடிக் குழாய்களின் வழியாகத்தான்.

ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரில் ஒரு வழக்கம் இருக்கிறது. வியாழன்தோறும் நண்பகலில், பேராலயத்தின் திருத்தூதர் வாயிலுக்கு முன்னால், கருப்பு அங்கி அணிந்த எட்டு உழவர்கள் வட்டமாக அமர்கிறார்கள். எட்டு வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் அவர்கள். வழக்கறிஞர் இல்லை, எழுத்தில் வாதம் இல்லை. வாயால் முறையிட்டு, வாயால் விடை சொல்லி, அங்கேயே தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்க்காலைச் சேர்ந்த நடுவர் அத்தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. பல நூற்றாண்டுகளாக நடக்கும் இதை 2009-இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நம்மை இதில் ஈர்த்தது அங்கியும் அன்று, பழமையும் அன்று. மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் வாரத்துக்கு ஒரு முறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும் என்ற ஏற்பாடுதான். எங்கள் ஊரில் அந்தப் பேராலய வாயிலின் வேலையை ஒரு முதியவர் தனியாகக் காலால் நடந்து செய்துகொண்டிருந்தார்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட மறு ஆண்டு, கொத்தமங்கலத்திலும் பேராவூரணியிலும் இளைஞர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டுக் குளங்களையும் வாய்க்கால்களையும் தூர் வாரினார்கள். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிவிட்ட ஊர்கள் அப்பகுதியில் உண்டு. அவர்கள் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. இந்தச் செய்தியை அப்போது நாங்கள் பாராட்டிப் பேசினோம். பாராட்டிய வீட்டு வாசலில்தான் பிறகு ஓரடிக் குழாய் போட்டோம். நினைத்தால் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.

சென்ற ஆண்டு ஆவணியில் குழாயை எடுத்துவிட்டோம். பயன் உண்டா இல்லையா என்ற வாதம் முடிந்துவிட்டதால் அன்று. வீட்டில் ஒருவருக்கு வாசலைக் கடக்கும்போதெல்லாம் அந்த முதியவர் குனிந்து நின்ற காட்சி கண்ணில் வந்ததால். மறுபடியும் அதே கொத்தனார்தான் வந்தார். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஓரமாகச் சிரித்ததுபோல் இருந்தது. இருபுறமும் கல் கட்டி, மேலே கனமான பலகை போட்டுக் கார் ஏற வழி செய்தார். முதலில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு செலவாயிற்று. எங்களைப் பார்த்தோ, தாங்களாகவே எண்ணியோ, மேலே இரண்டு வீட்டாரும் கீழே ஒரு வீட்டாரும் மாற்றினார்கள்.

நற்செயல் உடனே நற்பயன் தந்தது என்று எழுத முடியவில்லை. அவ்வாண்டு மழையில் எங்கள் வாசலை நீர் தடையின்றிக் கடந்தது. கடந்து, அடுத்த வீட்டுக் குழாயில் முட்டி, அவர்கள் வாசற்படி ஏறி, முன்னறையில் புகுந்தது. முந்தைய ஆண்டுகளில் எங்கள் குழாய் தடுத்ததால் அவர்கள் நனையாமல் இருந்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா தெருவே கேட்க எங்களைத் திட்டினார். சும்மா கிடந்ததை நோண்டிவிட்டு எங்களை மூழ்கடித்தீர்களே என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருந்ததால் எங்களால் பதில் பேச முடியவில்லை. துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னறையைக் கழுவிக் கொடுத்தோம். தைக்குப் பிறகு அவர்களும் குழாயை மாற்றலாமா என்று யோசிப்பதாகக் கேள்வி. எங்களிடம் நேரில் சொல்லவில்லை. பேச்சு இன்னும் முழுமையாகத் தொடங்கவில்லை.

இந்தப் புரட்டாசியில் ஒருநாள் முதியவர் வந்தார். கையில் ஒரு கம்பு; நடை முன்னைக் காட்டிலும் மெதுவாகியிருந்தது. எங்கள் வாசலில் நின்று குனிந்து பார்த்தார். கம்பைக் குறுக்கே நீட்டிப் பார்த்தார், இடிக்கவில்லை. மோர் கொடுத்தோம், நின்றபடியே குடித்தார்.

“நாலு ஆச்சு. இன்னும் பதிமூணு கெடக்குய்யா” என்றார்.

குவளையைத் திண்ணையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்க் குனிந்தார்.